ஒரு வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு சித்தூருக்கு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், அதுவும் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தை வீட்டில் அக்காவின் பழைய புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முப்பத்தைந்து வருடமாகக் கரணை பிடித்த கை. சிமெண்ட் தின்ற விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் படிப்பவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எல்லைப் பக்கத்துக் குடும்பங்களின் வரலாற்றை ஆராய்ச்சி செய்யும் பத்மஜா மேடம்தான் இதை எழுதச் சொன்னார். "போன வழி, பேசின பேச்சு, டிக்கெட் காசு எதையும் விடாமல் எழுதுங்கள்" என்று நீளமான நோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். நோட்டு மூன்று மாதம் பீரோவின் மேல் கிடந்தது.

என் பெயர் பொன்னுரங்கம். நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கொத்து வேலை. எனக்கு ஒரே மகள், பவானி. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்கிறாள். அங்கே மருந்துக் கம்பெனியில் வேலை செய்யும் ஹேமந்த் என்ற பிள்ளையும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பிள்ளையின் அப்பா முனிரத்தினம், சித்தூரில் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் ஜனம்தான். அவர்கள் முன்னோரும் தமிழ் பேசினவர்கள், இப்போது வீட்டில் தெலுங்கு. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். லக்னப் பத்திரிகை எழுத அய்யர் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் இண்டிபேரு என்ன என்றார். "வாடக" என்றார் முனிரத்தினம். பெண்ணின் இண்டிபேரு என்ன என்றார். "வாடக" என்றாள் என் மனைவி.

அய்யர் பேனாவை மூடிவிட்டார்.

இண்டிபேரு என்றால் தெலுங்கில் குடும்பப் பெயர். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் வீட்டுப் பெயர் என்று வரும். அது ஒன்றாக இருந்தால் பங்காளிகள் என்று கணக்கு. பங்காளி வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பிள்ளையும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை ஆகிவிடும். இரண்டு பிள்ளைகளும் 'வி' என்று ஓர் எழுத்து மட்டும் போட்டுக்கொண்டு இத்தனை நாள் பழகியிருக்கிறார்கள். அதன் முழுப் பெயரை ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. முனிரத்தினம் மெதுவாக எழுந்து, "பல்கலைக்கழகத்து மேடமே எங்களிடம் சொல்லியிருக்கிறார், வாடகர்கள் எல்லோரும் ஒரே வம்சம் என்று" என்றார். அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பலமனேருக்கு வேறு பெண் பார்க்கப் போகிறார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, முதலில் திருப்பதியில் மேடத்தைப் பார்க்க நான் கிளம்பினேன்.

காலை 6.10. ஐப்பசி மாதம், தூறல். நகரி பஸ் நிலையத்தில் திருப்பதி ஆர்டினரி பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், எண்பது ரூபாய். எனக்கு முன் சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மாள். கண்டக்டரிடம் ஆதார் அட்டையை ஆட்டிக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பொம்பளைங்களுக்குத்தான்யா ஓசி. நீ எடு காசு."

எடுத்தேன்.

"முகத்த ஏன் இப்புடி வெச்சிக்கினு கீற? எம்பது ரூபாக்கா?"

"இல்லம்மா. வேற ஒண்ணு."

"வேற ஒண்ணுன்னா பொண்ணு விஷயமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூத் தொடுக்க ஆரம்பித்தாள். ஒரு முழம் கனகாம்பரத்தைக் கிள்ளி என் கையில் வைத்தாள். "பொண்ணுக்கு வெய்யி" என்றாள். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

6.45-க்குப் புத்தூர். கைக்கட்டும் கால்கட்டுமாக நாலைந்து பேர் ஏறினார்கள். எலும்பு முறிந்தால் எந்த ஊரிலிருந்தும் இங்கேதான் கட்டுப் போட வருவார்கள். பஸ் ஐந்து நிமிடம் நின்றது. நான் படித்த பள்ளிக்கூடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே நான் சேர்ந்த அன்று நடந்ததை இங்கே எழுதினால்தான் மற்றது புரியும்.

எனக்கு ஐந்து வயது. அப்பா மண்வேலைக்காக ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து புத்தூருக்கு வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. தெலுங்கு அரைகுறை. என்னைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனார். வாத்தியார் குண்டூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், எனக்குப் பலப்பம் கொடுத்தவர். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மீ இண்டிபேரு ஏமய்யா?" எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அப்படிப் பெயர் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு 'இண்டி' என்பது மட்டும் காதில் விழுந்தது. வீட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, அவர் குரல் இறங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

"வாடகை, சார்."

வாத்தியார் எழுதிக்கொண்டார். அவர் ஊர்ப் பக்கம் வாடகையை 'அத்தெ' என்பார்கள். எங்கள் ஜில்லாத் தெலுங்கில் 'பாடுக' என்பார்கள். வாடகை என்ற சொல் அவர் கேட்டறியாதது, அதனால் நல்ல பெயராகத்தான் அவருக்குப் பட்டிருக்கும். அடுத்த நாளிலிருந்து நான் வாடக பொன்னுரங்கம். தமிழ் தெரிந்த பையன்கள் "வாடகை சைக்கிள்" என்று கூப்பிட்டு, என் முதுகில் ஏறி மணி அடிக்கப் பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு நகரிக்கு வந்தோம். இப்போது எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் 'பாடுக' என்றே பேசுகிறோம். அதனால் என் பெயரைக் கேட்டு யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. பவானி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள், "நைனா, வாடகன்னா இன்னா?" என்று கேட்டாள். "அது நம்ம பழைய ஊர் பேரு" என்று சொல்லிவிட்டேன்.

காலை 8.05. திருப்பதி. மலை முழுக்க மேகம். மொட்டை அடித்த தலைகளும் லட்டுப் பைகளும் பஸ் நிலையம் நிறைய. பவானி வேலையிலிருந்து அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கனகாம்பரத்தைக் கொடுத்தேன், வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"துன்னியா நைனா?"

"இல்ல."

இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, ஆளுக்கு அறுபது ரூபாய். அவள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ மேடம்கிட்ட இன்னா பேசப் போற? மேஸ்திரி சங்கத்துல கூடப் பின்னாடி நின்னுக்கினு இருப்ப."

"பாக்கலாம்."

"பேச வரலன்னா பரவால்ல நைனா. நீ வந்ததே போதும். நான் மனச தேத்திக்கினேன்."

தேற்றிக்கொண்ட முகமாக அது இல்லை.

ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய். பல்கலைக்கழகத்தில் பத்மஜா மேடத்தின் அறை இரண்டாம் மாடி. கதவின் மேல் லிண்டலில் விரிசல் விட்டிருந்தது, கண் முதலில் அங்கேதான் போயிற்று. மேடம் ஐம்பது வயதுக்காரர், தெலுங்கு வீட்டில் பிறந்து ஆராய்ச்சிக்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர். போன வருடம் எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாக உட்கார்ந்து பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவர் முதலில் கேட்கும் கேள்வி இண்டிபேரு என்று தெரிந்ததும் நான் பின்பக்கமாகக் கலவை போடப் போய்விட்டேன். என் மனைவிதான் பேசினாள்.

சுவர் முழுக்க அவர் வரைந்த வம்சப் படங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், பிறப்புக்குக் கீழே இறங்கும் கோடு, கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. வீட்டுப் பிளான் படிக்கிறவனுக்கு அது உடனே புரிந்தது. மேடம் ஒரு படத்தை மேஜையில் விரித்தார். மேலே 'வாடக வம்சம்' என்று தலைப்பு. கீழே மூன்று குடும்பங்கள். ஒன்று நாங்கள், ஒன்று சித்தூர் முனிரத்தினம், ஒன்று சத்தியவேட்டில் யாரோ. மூன்றையும் இணைத்து மேலே ஒரு முக்கோணம், அதில் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும்.

"மன்னிக்கணும் பொன்னுரங்கம் காரு" என்றார். "பவானி போன் செய்தபோதே பார்த்தேன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே இண்டிபேரு. வாடக என்கிற ஊரிலிருந்து பிரிந்து வந்த பங்காளிகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது."

படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் தெலுங்கில் எழுதியிருந்தது: 'வாடக, பழைய ஊரின் பெயர். சொன்னவர், பொன்னுரங்கம் மனைவி.'

அதை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு நான் சொன்ன பொய். மகள் அம்மாவிடம் சொல்லி, அம்மா மேடத்திடம் சொல்லி, மேடம் முனிரத்தினத்திடம் சொல்லி, சுற்றிக்கொண்டு வந்து என் மகள் கழுத்திலேயே விழுந்திருக்கிறது.

பவானி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்றேன். "அந்தக் கோடு தப்பு."

"எந்தக் கோடு?"

"மூணு வீட்டையும் சேக்கிற கோடு. ஊர் பேரு இல்ல அது. வாடகை."

"வாடகை அண்டே?" என்று பொருள் கேட்டார் மேடம். புத்தகத் தமிழ் நிறையத் தெரிந்தவர்தான், ஆனால் அந்த நேரத்தில் அது அவருக்குப் பிடிபடவில்லை.

பவானி திரும்பினாள். "பாடுக மேடம்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. "நைனா, பாடுகவா?"

பள்ளிக்கூடத்துக் கதையை முழுக்கச் சொன்னேன். இவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசி அவள் கேட்டதில்லை. முடித்தபோது அவள் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இத்தினி நாளா ஊர் பேருன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு கீறேன்" என்றாள்.

மேடம் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். பள்ளிக்கூடங்களின் பழைய சேர்க்கைப் பேரேடுகளைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். புத்தூர்ப் பேரேட்டில் ஒரு பக்கத்தை எடுத்துப் பெரிதாக்கினார். என் வாத்தியாரின் உருண்டைக் கையெழுத்து. இண்டிபேரு என்ற கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார். மேட்டு. கூர. வாடக.

"இந்தக் கூர என்ன? தெலுங்கில் கூர என்றால் குழம்பு, கறி. யாருக்கு அப்படிப் பெயர் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்."

"கூரை வீடு மேடம். மேல ஓலை போட்டது. மேட்டுன்னா மேட்டு மேல இருக்கிற வீடு."

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாய்விட்டுச் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டதுபோல எல்லோரும் பதில் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை வைத்து வம்சம் கட்டியிருக்கிறேன்."

ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. பெயர் தப்பாக வந்தது என்பதால் மட்டும் பங்காளி இல்லை என்று ஆகிவிடாது, வேறு ஆதாரம் வேண்டும் என்றார். பேரேட்டில் முனிரத்தினத்தின் பெயரைத் தேடினார். எனக்கு ஆறு வருடம் முன்னால் சேர்ந்திருக்கிறார். அப்பா முனுசாமி, ரயில்வே கேங் கூலி, சொந்த ஊர் சோளிங்கர். எனக்கு அப்பா பொன்னுசாமி, சொந்த ஊர் ஊத்துக்கோட்டை.

"உங்கள் தாத்தா பெயர்?"

"பொன்னப்பன். அக்கா பேரு பொன்னி. எங்க குலதெய்வம் பொன்னியம்மன், அதான்."

மேடம் முனிரத்தினம் வீட்டுக் குறிப்பை எடுத்தார். முனிரத்தினம், முனுசாமி, தாத்தா முனியன், அத்தை முனியம்மாள். அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"இண்டிபேரு எழுதினது வாத்தியார். முதல் பேரு வைத்தது வீடு. நான் வீட்டைக் கேட்டிருக்கணும்."

அந்தக் கேள்விக்குறி முக்கோணத்தையும் மூன்று கோடுகளையும் ரப்பரால் அழித்தார். முடிவாகத் தெரியும் வரை கோடுகளைப் பென்சிலில்தான் போடுவாராம். "பென்சிலில் இருக்கும்போதே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அது என் தப்பு" என்றார். ரப்பர் தூளை ஊதிவிட்டு, முனிரத்தினத்துக்குத் தெலுங்கில் ஒரு கடிதம் எழுதி, பேரேட்டின் இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக் கொடுத்தார். தானும் வருவதாகச் சொன்னார், ஆனால் அன்று மதியமும் மறுநாளும் பரீட்சை வேலை. ஞாயிறு வரை பொறுக்க முடியாது. அந்த வீட்டுக்கு மருமகளாகப் போகும் பெண்ணை அழைத்துக்கொண்டு பேசப் போவதும் முறை இல்லை. நான் தனியாகக் கிளம்பினேன். பவானி பஸ் நிலையம் வரை வந்தாள். பைக்குள் இருந்த கனகாம்பரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

காலை 11.40. சித்தூர் எக்ஸ்பிரஸ். எழுபது கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். சந்திரகிரி தாண்டியதும் வெயில் வந்தது. பக்கத்து சீட்டில் வெல்ல வியாபாரி ஒருவர், பெரிய உடம்பு, பாதி சீட் அவருக்கே சரியாகப் போயிற்று. எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் கேட்டார்: "மீ இண்டிபேரு?"

வழக்கமாக 'வி' என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அன்று, "வாடக. பாடுகன்னு அர்த்தம்" என்றேன்.

"பாடுகவா?" அவர் என் பக்கம் திரும்பினார். "எங்களுது உப்பு."

"என்ன உப்பு?"

"கல்லுப்புதான். எங்க தாத்தாவோட தாத்தா உப்பு வித்தாரோ, கொழம்புல உப்பு போட மறந்தாரோ, எவனுக்குத் தெரியும். பேரு நின்னுடிச்சி. எங்க சம்பந்தி சட்டி. உப்பு வீட்டுப் பொண்ணு சட்டில விழுந்துடிச்சின்னு கல்யாணத்துல எல்லாரும் சிரிச்சாங்க."

அவர் வயிறு குலுங்கியது, நானும் சேர்ந்து குலுங்கினேன். பூதலப்பட்டில் இறங்கும்போது ஒரு வெல்ல உருண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மதியம் 1.30. சித்தூர். பஸ் நிலையத்துக்கு எதிரில் அளவுச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். பாதிதான் இறங்கியது. கட்டமஞ்சிக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். முனிரத்தினம் வீட்டை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரண்டு மாடி, நல்ல வேலை, மூலைகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. முகப்பில் சிமெண்டில் எழுத்து எடுத்து, நீல வண்ணம் அடித்து, தெலுங்கில் இருந்தது: 'வாடக நிலயம்'.

கேட்டில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். முப்பத்தெட்டு வருடம் கம்பத்தில் ஏறிச் சம்பாதித்துக் கட்டின சொந்த வீட்டின் நெற்றியில் வாடகை என்று எழுதி வைத்திருக்கிறார். அதை அவரிடம் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. மேடம் சொன்னதன் பேரில் கல்யாணம் நின்றது, நான் சொன்ன பொய்யின் பேரில் மேடம் சொன்னது வந்தது. கேட்டைத் திறந்தேன்.

முனிரத்தினம் மரியாதையாகத்தான் வரவேற்றார். "ரண்டி, உக்காருங்க அண்ணா" என்றார். என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அண்ணா என்றார். அது பங்காளி முறையா மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி சுலோச்சனா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டார்.

"பவானி நல்ல பொண்ணு" என்றார் முனிரத்தினம். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? முறை தப்பு. நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க."

நான் கடிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தெலுங்கில் உரக்கப் படித்தார். தாம் முன்பு சொன்னது தவறு என்றும், இரண்டு வீடும் ஒரு வம்சம் இல்லை என்பதற்கு ஆதாரம் இணைத்திருப்பதாகவும் மேடம் எழுதியிருந்தார். கடைசி வரியில் நிறுத்தி மறுபடி படித்தார்: "வாடக என்ற பெயரின் பொருளைப் பொன்னுரங்கம் அவர்களே உங்களுக்குச் சொல்வார்."

"செப்பண்டி, சொல்லுங்க" என்றார்.

தண்ணீரைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, உங்க நைனாவும் எங்க நைனாவும் புத்தூர்ல ஒரே வாத்தியார்கிட்ட நம்பள சேத்தாங்க. வாத்தியார் இண்டிபேரு கேட்டார். எங்க நைனா எந்த வீடுன்னு கேக்கறார்னு நெனச்சிக்கினு, பாடுக வீடுன்னு தமிழ்ல சொன்னார். தமிழ்ல அது வாடகை. உங்க நைனாவும் அதத்தான் சொல்லியிருக்கணும்."

அவர் உதடு அசைந்தது. வாடக, பாடுக என்று இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம்தான் வித்தியாசம். தினமும் பேசின சொல். பிறகு எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தன் வீட்டு முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நான் நின்றேன்.

"வேலூர் ஆஸ்பத்திரிக்கு இவள கூட்டினு போவேன்" என்றார் கடைசியில். "நர்ஸ் பேரு கூப்புடுவாங்க, வாடக சுலோச்சனான்னு. உக்காந்திருக்கிற தமிழ் ஜனம் எல்லாம் திரும்பிப் பாத்துச் சிரிக்கும். எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு நான் ஒருநாளும் கேக்கல. கேக்கப் பயம்."

"என்னைய வாடகை சைக்கிள்னு சொல்லுவாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கத்தான் செய்தார்.

உள்ளே வந்து பேரேட்டுத் தாளை மேஜையில் விரித்தோம். அவர் அப்பா பெயரைத் தொட்டுப் பார்த்தார். சோளிங்கர்ப் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோயிலில் தனக்குக் காது குத்தினதும், மண் குதிரை வைத்ததும் லேசாக ஞாபகம் வந்தது. அதுதான் உங்கள் குலதெய்வமாக இருக்கும் அண்ணா, எங்களுக்குப் பொன்னியம்மன், தெய்வம் வேறு என்றால் பங்காளி இல்லை என்றேன்.

"புத்தூர்ல எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஸ்டேஷன் பின்னாடி லைன் வீடு. ஆறு வீடு, ஒரே கிணறு."

"ராட்டினம் கத்துமே."

"நல்லா கத்தும்."

"நாங்க மூணாவது வீடு" என்றார்.

"நாங்க அஞ்சாவது."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அங்க மீசை வெச்ச ஒருத்தர், எங்க நைனாவுக்கு ரயில் லைன்ல கால் முறிஞ்சப்போ முதுகுல தூக்கிக்கினு கட்டு போடப் போனாரு. எனக்கு எட்டு வயசு, பின்னாடியே ஓடினேன். அவரு உங்க நைனாவா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு பொய் பட்ட பாடு போதும். "தெரியல அண்ணா. எங்க நைனாவுக்கும் மீசை உண்டு. ஆனா ஆறு வீட்டிலயும் மீசை இருந்திருக்கும்" என்றேன்.

சுலோச்சனா அம்மாள் வாசற்படியிலிருந்து, "அப்போ ஆதிவாரம் பலமனேரு?" என்றார்.

"போன் பண்ணிடு. வரலன்னு சொல்லு."

"பத்திரிகைல ரெண்டு பேருக்கும் ஒரே இண்டிபேரு போட்டா ஜனம் கேக்காதா?"

"கேக்கட்டும். நானே சொல்றேன். வாடகன்னா என்னன்னு மைக்ல சொல்றேன்" என்றார் முனிரத்தினம். பிறகு என்னிடம், "மேஸ்திரி, முன்னால இருக்கிற அந்த எழுத்த எடுக்க முடியுமா?"

ஏணி போட்டு ஏறி விரலால் தட்டிப் பார்த்தேன். "எடுக்கலாம் அண்ணா. தழும்பு நிக்கும்."

அவர் கீழிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "அப்போ இருக்கட்டும்" என்றார். "எறங்குங்க, காப்பி ஆறிப் போவுது." வெல்ல வியாபாரி கொடுத்த உருண்டையைச் சுலோச்சனா அம்மாளிடம் கொடுத்தேன். அதைத் தட்டி எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

மாலை 4.30. சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம் வழியாகப் புத்தூர் பஸ், நூறு ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பவானிக்குப் போன் செய்தேன்.

"பேசினியா நைனா?"

"பேசினேன்."

"இன்னா சொன்னாங்க?"

"காப்பி குடுத்தாங்க. ஏணி புடிச்சாரு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. லேபில் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. கார்வேட்டிநகரம் வரை அப்படியே காதில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தத் தையில் கல்யாணம் முடிந்தது. முனிரத்தினம் சொன்னபடியே மைக்கில் சொன்னார், கொஞ்சம் சேர்த்தே சொன்னார். போன வாரம் பவானியும் ஹேமந்தும் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது சாட்சிக் கையெழுத்துக்காக என்னையும் அழைத்துப் போனார்கள். விண்ணப்பத்தில் பெண்ணுக்கு இரண்டு கட்டம் இருந்தது, கல்யாணத்துக்கு முன் இண்டிபேரு, கல்யாணத்துக்குப் பின் இண்டிபேரு. இரண்டிலும் அவள் ஒன்றையே எழுதினாள். குமாஸ்தா நிமிர்ந்து, "மாத்த மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அதேதான்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் அன்றோடு அவள் பெயருக்கு முன்னால் இருக்கும் வீடு மாறிவிடும். அதை நினைத்து, லக்னப் பத்திரிகை எழுத உட்காரும் முன்பு சில நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆதார் அட்டை, பாங்கி புத்தகம், வேலை செய்யும் இடத்துச் சீட்டு எதையும் அவள் மாற்ற வேண்டியதில்லை. என் அப்பா அன்று குரலை இறக்கிச் சொன்ன சொல்லோடுதான் அவள் சித்தூருக்குப் போயிருக்கிறாள்.

நேற்று பீரோவின் மேலிருந்து நோட்டை இறக்கினேன். இதை எழுதி முடித்தது நகரியில், பிப்ரவரி மாதம் ஒன்றாம் தேதி, தை பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.